ஒரே வாசல் வைத்த அழுங்கு

மலையடிவாரக் காட்டில் ஓர் அழுங்கு, உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி, தன் குட்டியோடு வசித்தது. ஒருமுறை கண்ணியில் மாட்டியதில் அதன் முன்கால் நகங்கள் பிய்ந்துபோயின. நகம் இல்லாத அழுங்கால் கறையான் புற்றை உடைக்க முடியாது. குட்டி பசியில் அழும்போதெல்லாம் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நல்ல நாளில் தோண்டிய வளை ஒன்றுதான் அதனிடம் மிச்சம். பதினோரு திருப்பமும் மூன்று வாசலும் உள்ள பெரிய வளை. அதை அழுங்கு விளையாட்டு வளையாக்கியது. ஓர் இலைப் பொட்டலம் கறையான் கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு குறிப்பு இருக்கும். ஓரிடத்தில் மயிலிறகு, ஓரிடத்தில் சொரசொரப்பான கல், ஓரிடத்தில் வேப்பிலை வாசனை. இருட்டில் தடவியும் மோந்தும் வழி கண்டுபிடித்து வெளியே வர வேண்டும்.

காட்டு முயல்களுக்கு வளை தோண்டும் பழக்கம் கிடையாது. அதனால் முயல் குட்டிகளுக்கு அந்த வளை என்றால் உயிர். அழுங்குக் குட்டியும் அவற்றோடு உள்ளே ஓடும். அதன் வயிறும் ஓரளவு நிறைந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒருநாள் மரநாய் வந்தது. தனக்கென்று ஒரு பொந்துகூட இல்லாமல் ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் அந்த மரநாயை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

"அழுங்கக்கா, இவ்வளவு கூட்டம் வருது. ஆனா உங்க கையில ஒண்ணும் தங்கலையே?"

"ஏன் தம்பி அப்படி?"

"மூணு வாசல் வெச்சிருக்கீங்க. பாதிப் பேர் பின்வாசல் வழியா சும்மா நுழையுறாங்க. மீதிப் பேர் சீக்கிரமே வெளியே வந்துடுறாங்க. ஜெயிச்சவன் மறுபடி எதுக்கு வரணும்? ரெண்டு வாசலை அடைங்க. மீதி ஒண்ணுல நீங்க உட்காருங்க."

"மழைக்காலம் வருதேப்பா."

"அதான் சொல்றேன். மழையில கூட்டம் குறையும். அப்போ குட்டிக்கு என்ன குடுப்பீங்க?"

அழுங்கு எழுந்து வாசலை அடைக்கக் கல் தேடப் போனது.

பக்கத்து வளை முள்ளம்பன்றி ஓடிவந்தது. "அக்கா, வளைன்னா ரெண்டு வாசலாவது வேணும். மண்ணுக்குள்ள இருக்கிற நமக்குத் தெரியாததா இது?"

"உனக்கு நகம் இருக்கு, பேசுற" என்றது அழுங்கு.

இரண்டு வாசல்களிலும் கல்லை உருட்டிவிட்டு, மண்ணைத் தள்ளி, வாலால் அறைந்து இறுக்கியது. எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்யும் அழுங்கு அது. மரநாய் சொன்னது பலித்தது. வழி தெரியாமல் தோற்றவர்கள் மறுநாளும் வந்தார்கள். பொட்டலங்கள் குவிந்தன. குட்டி முதன்முறையாகக் கொழுகொழுவென்று ஆனது.

ஐப்பசியில் ஒரு மதியம் மலைமேல் கொட்டித் தீர்த்தது. ஓடை கரையை உடைத்துக்கொண்டு வளையின் அடிப்பக்கமாக உள்ளே புகுந்தது. அப்போது உள்ளே இரண்டு முயல் குட்டிகளும் அழுங்குக் குட்டியும் இருந்தன.

வாசலில் உட்கார்ந்திருந்த அழுங்குக்குத் தரை அதிர்வது தெரிந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஏதோ இரைந்துகொண்டு தன்னை நோக்கி வந்தது. பயந்தால் சுருண்டுகொள்வது அழுங்கின் பிறவிக் குணம். சுருண்டுவிட்டால் சிறுத்தையாலும் அதைப் பிரிக்க முடியாது. வாசலுக்கு நடுவிலேயே அது உருண்டையாகச் சுருண்டது. வாசல் சரியாக அடைபட்டது.

"நகரு அக்கா, என் புள்ளைங்க உள்ள இருக்கு!" என்று கதறியபடி ஓடிவந்த தாய் முயல் பல்லால் செதிலைக் கடித்து இழுத்தது. இழுக்க இழுக்க அழுங்கு இன்னும் இறுகியது. முள்ளம்பன்றி பின்வாசலைத் தோண்டிப் பார்த்தது. கல் அசையவில்லை.

"அம்மா, நகரும்மா" என்று உள்ளிருந்து அழுங்குக் குட்டி கூப்பிட்டது.

அழுங்குக்கு அது நன்றாகக் கேட்டது. நகரத்தான் நினைத்தது. உடம்பு கேட்கவில்லை. குட்டி ஐந்தாறு முறை கூப்பிட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

அழுங்கு தானாகப் பிரிந்தபோது மழை விட்டிருந்தது. தாய் முயல் அதைத் திட்டவில்லை. புதருக்குள் போய்விட்டது. திட்டியிருந்தால்கூட அழுங்குக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மரநாய் இப்போது வேறொரு மலையில் யாருக்கோ யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம்மை நம்பி உள்ளே வருகிறவர்கள் தப்பிக்கும் வழியை அடைத்துச் சேர்க்கும் லாபம், யாருக்காகச் சேர்க்கிறோமோ அவர்களையே முதலில் பறித்துக்கொள்ளும்.