டி செல்லின் சம்மதம்

காலை ஒன்பதரை மணிக்கு, பி செல், டி செல் என்னும் ரத்த வெள்ளணுக்களை வளர்க்கும் பன்னிரண்டு தட்டுகளோடு நின்றார் ஆய்வக உதவியாளர் பேச்சியம்மாள். அந்த ஆய்வகத்தில் அவர் பார்க்கும் ஐந்தாவது தலைவர் வரதராஜுலு.

"கிருமியை எதிர்க்கிற ஆன்டிபாடியைச் செய்யறது பி செல்தானே? டி செல் எதுக்கு, தண்டத்துக்கு? அது இல்லாம வெள்ளிக்கிழமைக்குள்ள ஆன்டிபாடி காட்டு. இல்லேன்னா வேலைக்கு வராதே" என்றார் தலைவர்.

பேச்சியம்மாள் அலுப்போடு ஒரு தாளை எடுத்தார். "மருந்து ஆர்டர் சார். நானே எழுதி அனுப்பிடறேன்."

"என் கையெழுத்து இல்லாமலா? தப்பான மருந்து வந்தா யார் பொறுப்பு?"

"பி செல்லும் அதைத்தான் யோசிக்குது சார். கிருமியில ஒரு துண்டை எடுத்து நீட்டும். டி செல் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் முழுசா வேலையில இறங்கும்."

சுற்றி நின்ற மாணவர்கள் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, மார்ச் 14 அன்று, டி செல் சேர்த்த தட்டுகளில் மட்டும் ஆன்டிபாடி கிடைத்தது. அறிக்கையில் தலைவர் பெயர் மட்டும் இருந்தது. பேச்சியம்மாள் வேலையில் இருந்தார்.