கணவாயின் வடக்கு முகம்

“இன்னும் என்ன அம்மா யோசனை? பனி இறுகிக் கிடக்கு. நான் பார்த்துட்டேன்.”

குற்றாலிங்கம் பொதுப்பணித் துறை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்துத்தான் ‘பாஸ்’ செய்வார். பாலமோ பனியோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அவருடைய குரு மேதா அம்மாவுக்கு அவர் மகள் வயது. தூத்துக்குடியில் பிறந்து, இமயமலைக் கணவாய் ஒன்றின் அடிவாரத்தில் குடில் போட்டவள். அவளுடைய குரு, கணவாய்க்கு அந்தப் பக்கம், இன்றோ நாளையோ என்று கிடந்தார். போனில் செய்தி வந்திருந்தது.

“எப்போ மிதிச்சீங்க, அண்ணாச்சி?”

“காலையில. எழுந்ததும் முதல் வேலை.”

“சாப்பிட்டுட்டு மறுபடி மிதிங்க.”

மத்தியானம் அதே இடத்தில் மிதித்தார். இடுப்பு வரை போய்விட்டார். பாஸ் செய்த அதிகாரியை வெளியே இழுக்க அம்மாவே வரவேண்டியதாயிற்று.

“காலையில நல்லாத்தானே இருந்துச்சு!”

“ராத்திரிக் குளிர்ல இறுகும். வெயில் ஏறினா விட்டுடும். பங்குனிப் பனி அப்படித்தான்.”

“அப்போ விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவோம்.”

அவள் ஏற்கெனவே முதுகுப் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

மறுநாள் பனி தாங்கியது. தெற்கு முகம், வெயில் பட்டுப் பட்டுப் பல இடங்களில் பாறையே தெரிந்தது. குற்றாலிங்கம் மூச்சு வாங்கினாலும் பெருமையாகத்தான் ஏறினார்.

உச்சிக்கு வந்ததும் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் வடக்கு முகம். குளிர்காலம் முழுக்கப் பெய்ததெல்லாம் அப்படியே குவிந்து, வெள்ளை வெளேரென்று சரிந்து இறங்கியது. வெகு கீழே ஒரு தகரக் கூரை. அதன் மேல் காவிக் கொடி. அந்த மடத்தில், குரு உயிரோடு இருக்கும்வரை கொடியை இறக்க மாட்டார்கள்.

“கொடி பறக்குது அம்மா! இருக்கார்!”

அவள் கண் நிறைந்துவிட்டது. ஓர் அடி முன்னால் வைக்கப் போனவள், நின்று, கைத்தடியைப் பனியில் ஊன்றினாள்.

மேலே கெட்டி. பலம் கொடுத்து அழுத்தினாள். உள்ளே ஒன்றுமே இல்லாதது போலத் தடி சட்டென்று பிடிவரை இறங்கியது.

தள்ளிப் போய் ஊன்றினாள். அங்கேயும் அதே கதை.

“என்ன அம்மா?”

“மேல ஒரு பலகை மாதிரி நிக்குது. அடியில எல்லாம் சர்க்கரை மாதிரி உதிரி. ஏறி நின்னா மொத்தமா சரியும்.”

“சரியாமலும் போகலாமே? இவ்வளவு தூரம் வந்துட்டு! அவர் முகத்தை இனி எப்போ பார்ப்பீங்க?”

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது.

அவள் அந்தக் கூரையைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள். எழுந்து, வந்த வழியே இறங்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. கால் மட்டும் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களுக்குப் பின்னால் நடந்தவர் குற்றாலிங்கம். இப்படி ஒரு முதுகைப் பார்த்ததில்லை.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“உங்களுக்காகத்தானே அம்மா காத்துக்கிட்டு இருப்பார்!”

“ஆமா அண்ணாச்சி. நான் போய் நின்னா முதல்ல என்ன கேப்பார் தெரியுமா? ‘வர்ற வழியில தடி என்ன சொல்லிச்சு மேதா?’ன்னு கேப்பார்.”