வலிக்காத வயிறு

"ஆறு வாரமா தினமும் நூறு சிட்-அப் எடுக்கிறேன், மாஸ்டர். வயிறு அப்படியேதான் இருக்கு."

சண்பகா இதைச் சொன்னபோது உடற்பயிற்சி வகுப்பு முடிந்து மற்றப் பெண்கள் போய்விட்டிருந்தார்கள். ரெஜினா மாஸ்டர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அவசரம் அக்கா?" மாஸ்டர் அவளைவிட எட்டு வயது சின்னவள்.

"பஸ்ல எழுந்து இடம் தர்றாங்க. எத்தனை மாசம்னு கேக்கறாங்க."

"உட்காருவீங்களா?"

"உட்கார்ந்துதான் வந்தேன். அவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது?"

ஏழு மாதத்துக்கு முன் பிறந்த குழந்தை. பிறந்து அழவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவளுக்கு வயிறு மட்டும் கூடவே வந்தது.

"பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள்தான் இருக்கு, மாஸ்டர். மூணாம் வகுப்புப் பிள்ளைங்க. பாப்பா இன்னும் உள்ளேயா இருக்கு டீச்சர்னு கேட்டுடும்."

ரெஜினா ஒரு பாயை மறுபடி விரித்தாள்.

"படுங்க. எடுத்துக் காட்டுங்க."

சண்பகா மல்லாந்து படுத்தாள். முழங்காலை மடக்கி, தலையையும் தோளையும் வெடுக்கென்று தூக்கினாள். இறங்கினாள். மறுபடி தூக்கினாள். பன்னிரண்டு வரை வாய்விட்டு எண்ணினாள்.

மாஸ்டர் அருகில் குந்தி, அவள் பிடரியில் இரண்டு விரல் வைத்தாள். நரம்பெல்லாம் முறுக்கிக் கிடந்தது.

"இங்க வலிக்குதா?"

"நாலு நாளா கழுத்தைத் திருப்ப முடியலை."

"வயிறு?"

"வலிக்கலை."

"ஒருநாள்கூடவா?"

"ஒருநாள்கூட இல்லை."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

"ஆறு வாரமா கழுத்துதான் மாடா உழைச்சிருக்கு. வயிறு சொகுசாத் தூங்குது."

"கேலி பண்றீங்க."

"இல்லக்கா. கழுத்தைத் தளர விடுங்க. மூச்சை முழுசா வெளியே விடுங்க. தொப்புளை உள்ளே இழுத்து, முதுகு தரையில ஒட்டுற மாதிரி வயித்தை இறுக்குங்க. அதுக்கப்புறம் மெல்ல எழுந்திரிச்சாப் போதும். ஒண்ணே ஒண்ணு."

சண்பகா மூச்சை விட்டாள். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி விட்டாள். அதே இடத்தில் நின்றது.

"இறுக்கலையே நீங்க."

"இறுக்கினா வலிக்கும்."

"யாருக்கு?"

மாஸ்டர் தணிந்த குரலில்தான் கேட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்த சண்பகா, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தன.