கருவாயனுக்கு எள்ளுச் சோறு

ஓணாம்பாறை அண்ணன் தம்பி மூணு பேருக்கும் சந்தைக்குப் போகத் தெரியும். வீடு திரும்பத்தான் தெரியாது. அவர்களுடைய நாய் கருவாயன் முன்னால் போவான். அவன் வாலைப் பார்த்துக்கொண்டே இவர்கள் பின்னால் வந்து சேர்வார்கள். அப்பேர்ப்பட்ட கருவாயன் ஒருநாள் காயப்போட்ட எள்ளில் வாயை வைத்துவிட்டான். மூத்தவன் சடையன் அலறினான்.

"இவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாம சந்தையிலயே குடியிருக்க வேண்டியதுதான்டா!"

அழுதுகொண்டே கருவாயனையும் தம்பிகளையும் இழுத்துக்கொண்டு, சந்தைப்பக்கம் இருந்த மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க. எள்ளை வறுத்துப் பொடிச்சு, ஒரு சிட்டிகை மட்டும் சோத்துல பிசைஞ்சு குடுக்கலாம். உப்பு, வெல்லம் வேண்டாம். சில நாய்க்குச் சேராது. தின்னுட்டு நாய் சொறிஞ்சா, அதோட எள்ளை நிறுத்திடுங்க."

வீட்டில் எள் வறுபட்டது. நடுவுள்ளவன் ஒச்சப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சிட்டிகைன்னா யாரு சிட்டிகைண்ணே?"

"திங்கிறது யாரு? அவன் சிட்டிகைதான்."

கருவாயனின் காலைப் பிடித்துப் பொடியில் அழுத்தி, ஒட்டியதைத் தட்டிச் சோற்றில் பிசைந்தார்கள். அவன் சட்டியையே வழித்து நக்கினான். அப்புறம் பின்னங்காலைக் காதுக்குத் தூக்கினான்.

"ஐயையோ, சொறியப் போறான்! ஆசையாத் தின்னானே, பாவம்!" சடையன் பாய்ந்து காலைப் பிடித்துக்கொண்டான்.

"அரிச்சா என்னண்ணே பண்ணுவான்?"

கடைக்குட்டி தவசி நெடுநேரம் யோசித்தான். "நாய் சொறியக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? நம்மளைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

அடடா, என்ன மூளை! அன்றிலிருந்து காதைச் சொறிந்துவிடச் சடையன், வயிற்றுக்கு ஒச்சப்பன், வாலடிக்குத் தவசி. கருவாயன் மல்லாந்து படுத்துச் சொக்கிப்போனான். அவன் மேலிருந்த தெள்ளுப்பூச்சியெல்லாம் மெல்ல இவர்கள் மேல் குடியேறிவிட்டது.

அடுத்த சந்தையன்று கருவாயன் நடக்க மாட்டேனென்று படுத்துவிட்டான். சடையன் அவனைத் தோளில் போட்டுக்கொள்ள, மூவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"நாய் சொறிஞ்சுதா?"

"ஒரு தடவைகூட இல்லீங்க!" என்றான் சடையன், கழுத்தைப் பறபறவென்று சொறிந்தபடி.

"அப்ப நீங்க மூணு பேரும் ஏன் சொறியிறீங்க?"



"நமக்குத்தான் எள்ளு சேரலபோல" என்றான் ஒச்சப்பன்.

"நாம தின்னவே இல்லையேடா!"

"தின்னாமலே இந்தப் பாடுன்னா, தின்னிருந்தா என்ன ஆகியிருப்போம்!" என்றான் தவசி.

கருவாயன் பிழைத்ததே பெரிசு என்று சடையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனை மறுபடி தோளில் போட்டுக்கொண்டான். வால் சரியாக மூக்குக்கு முன்னால் தொங்கியது. வழக்கம்போல அதையே பார்த்துக்கொண்டு மூவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

இன்னும் நடக்கிறார்கள். வாலும் முன்னாலேதான் போகிறது. வீடுதான் வந்தபாடில்லை.