நீலவேழ மாலையின் பன்னிரண்டாம் பாகம்

நெடுங்காலத்துக்கு முன்னால், எவ்வளவு நெடுங்காலம் என்று குறுக்கே கேட்காதீர்கள், கொன்றைமாநகரம் என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊரில் வடிவாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். கோட்டை மணியடிக்கும் சடையப்பனின் பெண்டாட்டி. அவளுக்கு நகை ஆசை கிடையாது. புடவை ஆசை கிடையாது. மாயக்கதைப் புத்தகங்கள் மேல் மட்டும் ஆசை, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

தொடர்கதை என்றால் முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை வரிசையாக வேண்டும். நடுவில் ஒன்று குறைந்தாலும் சோறு இறங்காது. புதுப் புத்தகம் வந்தால் மூன்று காரியம் செய்வாள். முதலில் பிரித்து மோந்து பார்ப்பாள். அடுத்துப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டுவாள். கடைசியாகத் தன் பெயரை எழுதுவாள். ஒரு இடத்தில் எழுதினால் கிழித்துவிட்டு அமுக்கிவிடுவார்கள் என்று முதல் பக்கம், முப்பத்துமூன்றாம் பக்கம், கடைசிப் பக்கம் என்று மூன்று இடத்தில். கொன்றைமாநகரத்தில் புத்தகம் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் இதே வழக்கம்தான். இரவல் வாங்குகிறவர்களின் லட்சணம் அப்படி.

இரவல் என்றதும் உலகநாயகியைச் சொல்லாமல் முடியாது. சடையப்பனின் அக்கா. வடிவாம்பாளின் நாத்தனார். அடுத்த தெருவில்தான் வீடு. அவளும் புத்தகப் பைத்தியம். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பைத்தியம். ஒரு முறை இங்கிருந்து ஏழாம் பாகத்தை வாங்கிப் போனவள், முப்பத்துமூன்றாம் பக்கத்தில் ரசத்தைக் கொட்டித் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை குறைந்துபோனது.

"ரசம்தானே வடிவு? விஷமா?" என்றாள் உலகநாயகி.

"விஷமா இருந்தா துடைச்சிருப்பேன் அண்ணி. உங்க பெருங்காயம் போகவே மாட்டேங்குது."

இருவரும் உயிரை விட்டுச் சேர்த்த தொடரின் பெயர் 'நீலவேழ மாலை'. எழுதியவர் வித்தக விசித்திரனார். தந்தத்தைத் தொலைத்த ஒரு நீல யானை, அதைத் தேடிப் போகும் ஒரு இளவரசி. பதினோரு பாகம் வந்தது. பதினோராம் பாகத்தின் கடைசி வரியில் இளவரசி மலை உச்சியில் கால் வழுக்கி, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினாள். 'தொடரும்' என்று போட்டார் மகானுபாவர். மூன்று வருடமாகத் தொங்குகிறாள் அந்தப் பெண். அவளுக்குக் கை வலிக்காதா?

வடிவாம்பாள் அவருக்கு மூன்று கடிதம் போட்டாள். உலகநாயகி முப்பது போட்டாள். ஊரில் பாதிப் பேர் போட்டார்கள். பன்னிரண்டாம் பாகம் எப்போது, பன்னிரண்டாம் பாகம் எப்போது, பன்னிரண்டாம் பாகம் எப்போது?

பிறகுதான் ஊரில் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள்.

முதலில் பூக்கடைக்காரர். அடுத்து பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. அப்புறம் ஒவ்வொருவராக நாற்பது பேர். நாற்பதாவது ஆள் உலகநாயகி. உலையில் அரிசி கொதிக்கிறது, ஈயச்சொம்பில் ரசம் ஆறுகிறது, ஆளைக் காணோம். இடிமுழக்க வர்ம மகாராஜாவின் சேவகர்கள் கிணற்றில் தேடினார்கள், காட்டில் தேடினார்கள், ஆற்றில் தேடினார்கள். கிடைத்தது ஒரு செருப்பு. அதுவும் சேவகனுடையது.

சடையப்பன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அக்காதான். அன்று மணியடிக்கக்கூடப் போகவில்லை. கொன்றைமாநகரத்துக்கு அன்று மத்தியானமே ஆகவில்லை.

"வடிவு, உனக்கும் அக்காவுக்கும் ஆகாதுன்னு தெரியும்..." என்று இழுத்தான்.

"ஆகாதுன்னா தொலைஞ்சு போகட்டும்னு அர்த்தமா? எழுந்து முகத்தைக் கழுவுங்க. கண்டுபிடிக்கிறேன்."

நாத்தனார் வீட்டுக்கு நேராகப் போனாள். அலமாரியில் நீலவேழ மாலை பதினோரு பாகமும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் நிற்கிற அளவுக்கு இடம் புதிதாக ஒதுக்கியிருந்தது. வடிவாம்பாளுக்கு மூக்கின் வலது பக்கம் அரித்தது.

அவளுக்குச் சந்தேகம் வந்தால் மூக்கு அரிக்கும். வலது பக்கம் அரித்தால் சின்னச் சந்தேகம். இடது பக்கம் அரித்தால் பெரிய சந்தேகம். நுனி அரித்தால் ஆசாமி தப்ப மாட்டான்.

காணாமல் போன மற்றவர்களின் வீடுகளுக்கும் போய்ப் பார்த்தாள். நாற்பது வீட்டிலும் பதினோரு பாகம், பக்கத்தில் ஒரு காலி இடம். அப்படியானால் பன்னிரண்டாம் பாகம் வந்திருக்கிறது! வந்து, நாற்பது பேர் கைக்குப் போயிருக்கிறது. ஆனால் முடிவை ஒருத்தர்கூட வெளியே சொல்லவில்லை. இந்த ஊரிலா? இங்கே ஒருத்தி ஒரு கதையை முதலில் படித்துவிட்டால், மற்றவர்கள் புத்தகத்தைப் பிரிப்பதற்குள் வாசலில் வந்து முடிவைச் சொல்லிவிட்டுத்தானே மறுவேலை பார்ப்பாள்?

வடிவாம்பாளுக்கு மூக்கின் இடது பக்கம் அரித்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சடையப்பன் வேலைக்குப் போன பிறகு, வாசலில் ஒரு குரல். "வடிவாம்பாள் அம்மையார் வீடுதானே?"

பட்டு அங்கவஸ்திரம், விரலுக்கொரு மோதிரம், புன்னகை மட்டும் முகத்துக்குக் கொஞ்சம் பெரிய அளவு. கையில் ஒரு புத்தகம்.

"நான்தான் வித்தக விசித்திரன். தாங்கள் மூன்று கடிதம் எழுதினீர்கள். மனம் உருகிவிட்டது. இதோ, பன்னிரண்டாம் பாகம். தங்களுக்காக ஒரே ஒரு பிரதி, இன்றுதான் தயாரானது. விலை வேண்டாம்."

பாருங்கள். மூன்று வருடம் பதில் போடாத மனிதருக்கு இன்றைக்கு மனம் உருகுகிறதாம். அவருடைய விரல்களைப் பார்த்தாள். மோதிரம் இருந்தது. மைக்கறை இல்லை.

"உள்ளே வாங்க, உட்காருங்க" என்று புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் மார்போடு அணைத்துக்கொண்டாள், பொய் சொல்வானேன். மூன்று வருடம் காத்திருந்த புத்தகம் அல்லவா?

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார் அவர். "உங்கள் பெயரை இப்போதே, என் முன்னாலேயே எழுதிவிடுங்கள். முதல் பக்கம், முப்பத்துமூன்றாம் பக்கம், கடைசிப் பக்கம். இந்த ஊரில் புத்தகத் திருடர்கள் அதிகம்."

"எழுதறேன். ஆனா அட்டை போடாத புத்தகத்துல நான் பேர் எழுதறதில்லை. கொஞ்சம் இருங்க, மோர் குடிங்க."

உள்ளறைக்குப் போனாள். வழக்கப்படி புத்தகத்தைப் பிரித்து மோந்து பார்த்தாள். புதுத் தாள் வாசனை வரவேண்டிய இடத்தில் பெருங்காய வாசனை வந்தது. மிளகு. புளி. கட்டிப் பெருங்காயம். இது உலகில் ஒரே ஒருத்தி வைக்கிற ரசம்.

வடிவாம்பாளுக்கு மூக்கின் நுனி அரித்தது.

முப்பத்துமூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். வெற்றுத்தாள். முன்னாலும் பின்னாலும் புரட்டினாள், ஒரு எழுத்து இல்லை. அந்தப் பக்கத்தின் நடுவில் மட்டும் ஒரு மஞ்சள் கறை. கறைக்கு அடியில், தாளுக்குள் முங்கிப் போனதுபோல மங்கலாக ஒரு பெயர்: 'உலகநாயகி'. அந்தப் பெயர் பேசியது!

"அடியே வடிவு! பேரை எழுதாதே! சாப்பிடற நேரம் பார்த்து வந்தான்டி பாவி. முதல் பக்கத்துல எழுதினேன், கால் மறைஞ்சுது. முப்பத்துமூணுல எழுதினேன், இடுப்பு வரைக்கும் மறைஞ்சுது. கடைசிப் பக்கத்துல எழுதினேன், முழுசா உள்ளே வந்துட்டேன்!"

"கால் மறைஞ்சது தெரிஞ்சும் மேல ஏன் எழுதினீங்க?"

"கதை முடிவு கடைசிப் பக்கத்துல இருக்கும்னு நினைச்சேன்டி! இங்கே முடிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாப்பது பேரும் வெள்ளைவெளேர்னு நிக்கறோம். பூக்கடைக்காரர் என் காலை மிதிக்கிறார்."

"சத்தம் போடாதீங்க அண்ணி. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

யோசித்தாள். எழுத மறுத்தால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். போனால் நாத்தனாரும் போனாள். சடையப்பனின் இடிந்துபோன முகம் ஞாபகம் வந்தது. பழுப்புத் தாளை எடுத்தாள். மூன்று மடிப்பில் அட்டை போட்டாள். இப்போது பன்னிரண்டு புத்தகமும் ஒரே மாதிரி, அக்காள் தங்கைகள் மாதிரி. பன்னிரண்டாம் பாகத்தின் மேல் 'பாகம் 7' என்று லேபிள் ஒட்டினாள். ஏழாம் பாகத்தின் மேல் 'பாகம் 12' என்று ஒட்டினாள். மையொற்றுத் தாள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மொத்த அடுக்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதோ பாருங்க, பன்னிரண்டாம் பாகம். இதுல என் பேரை எழுதப்போறேன்" என்று லேபிளைக் காட்டித் தனியே வைத்தாள். "அதுக்கு முன்னாடி ஒரு ஆசை. இந்த மீதி பதினொண்ணுலயும் உங்க கையெழுத்து வேணும்."

"கையெழுத்தா?" அவர் முகம் மலர்ந்தது.

"மூணு மூணு இடத்துல. முதல் பக்கம், முப்பத்துமூணு, கடைசிப் பக்கம். அப்பதானே திருட மாட்டாங்க?"

எந்த எழுத்தாளன் மாட்டேன் என்பான்? எழுதுபலகையை மடிமேல் இழுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பக்கத்தையும் அவளே பிரித்து, மை பரவாமலிருக்க என்று மையொற்றுத் தாளால் மூடி, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டுக் காட்டினாள். ஒன்றாம் பாகம், மூன்று கையெழுத்து. இரண்டாம் பாகம், மூன்று கையெழுத்து. ஆறு வரை வளைத்து வளைத்துப் போட்டார், கடைசியில் ஒரு சுழி வேறு.

ஏழு என்று லேபிள் போட்டது வந்தது.

முதல் பக்கத்தில் போட்டார். பலகைக்கு அடியில் அவருடைய கால்கள் மறைந்தன. "கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறதே."

"சம்மணம் போட்டா அப்படித்தான். எங்க வீட்டுக்காரருக்கும் மரத்துப்போகும்."

முப்பத்துமூன்றாம் பக்கத்தில் போட்டார். இடுப்பு வரைக்கும் காணோம். "ஏதோ ரசம் வாசனை வருகிறதே?"

"மத்தியானச் சமையல்."

கடைசிப் பக்கம். பேனாவைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். புன்னகை சுருங்கியது. "அம்மையாரே, அந்த ஒற்றுத் தாளைக் கொஞ்சம் நகர்த்துங்கள் பார்க்கலாம்."

வடிவாம்பாளின் கை நகரவில்லை. "இதே ஏழாம் பாகத்துல" என்றாள், "யானை தந்தத்தை நினைச்சு ஆத்தங்கரையில அழுமே, அன்னைக்கு நான் மூணு வேளை சாப்பிடலை. இதை எழுதின கை எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு இருந்தேன். இன்னைக்குப் பார்த்துட்டேன்."

அதில் பொய் ஒரு வார்த்தை கிடையாது. அதனால்தான் அது வேலை செய்தது.

"மூன்று வேளையா?" என்றார் அவர். "நிஜமாகவா?" என்றபடியே கையெழுத்துப் போட்டார், சுழியோடு.

படாரென்று புத்தகம் மூடிக்கொண்டது. மோதிரங்கள் மட்டும் கலகலவென்று தரையில் உருண்டன. பூட்டியவனே உள்ளே விழுந்ததும் பூட்டு திறந்துகொண்டது போலும், அடுத்த நிமிஷம் வடிவாம்பாளின் கூடத்தில் நாற்பது பேர் ஒருவர் மேல் ஒருவராக நின்றார்கள். பூக்கடைக்காரர் இன்னும் உலகநாயகியின் காலைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுய்யா!" என்று அவரைத் தள்ளிவிட்டு உலகநாயகி தம்பி பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டாள். வடிவாம்பாளும் பதிலுக்குக் கட்டிக்கொண்டாள். அது அந்தக் குடும்பத்தில் பெரிய விஷயம்.

சடையப்பன் கோட்டை மணியை அடித்த அடியில் மகாராஜாவே ஓடிவந்தார். "பெண்ணே, இந்த மாயப் புத்தகத்தைத் தீயில் போட்டுவிடலாமா?" என்றார்.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! செட்டு உடைஞ்சிடும்" என்றாள் வடிவாம்பாள். புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் கோழிக் கிறுக்கலாக எழுத்துகள் ஓடிவந்தன: என்னை வெளியே விடுங்கள். எனக்குக் கதை வற்றிவிட்டது. எப்போது எப்போது என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்டவர்களை எல்லாம் உள்ளே போட்டேன்.

"கேட்டது அன்புலதான்யா" என்றாள் வடிவாம்பாள். "உள்ளே வெள்ளைத்தாள் நிறைய இருக்கு. கதையை முடி. முடிச்சா விடறேன்."

முதல் முறை, இளவரசி விழுந்து செத்தாள் என்று எழுதினான். "அடிச்சிட்டு வேற எழுது!" என்றாள் வடிவாம்பாள். இரண்டாம் முறை, பன்னிரண்டு பாகமும் கனவு என்று எழுதினான். நாற்பது பேரும் கூடி அடிக்கச் சொன்னார்கள், உலகநாயகி எழுத்தையா ஆளையா என்று தெளிவாகச் சொல்லவில்லை. மூன்றாம் முறை நிதானமாக, ஆறு மாதம் எழுதினான். நீல யானை தன் தும்பிக்கையை மலைமேல் நீட்டியது. இளவரசி வேரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். தொலைந்த தந்தம் எங்கே இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. படித்துக்கொள்ளுங்கள்.

'முற்றும்' என்ற சொல் விழுந்ததும் விசித்திரன் வெளியே வந்து விழுந்தான். முழங்கை வரைக்கும் மை. மோதிரங்களை எடுத்துக் கொடுத்தார்கள், விரல் காய்ப்பில் ஒன்றும் நுழையவில்லை. வாத்தியாரம்மா ஆசையாகப் பேனாவை நீட்டி, "ஐயா, ஒரு கையெழுத்து..." என்றதும் எடுத்தான் பாருங்கள் ஓட்டம்! ஆனால் ஓடுகிற வழியிலேயே அடுத்த கதையை முணுமுணுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

மகாராஜா வடிவாம்பாளுக்குத் தேக்கு அலமாரி ஒன்று செய்து கொடுத்தார். பூட்டு வைக்கட்டுமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள்.

பன்னிரண்டாம் பாகத்தை முதலில் இரவல் வாங்கிப் போனது உலகநாயகி. மூன்று நாளில் திருப்பிக் கொண்டுவந்து, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு நீட்டினாள். வடிவாம்பாள் பிரித்து மோந்து பார்த்தாள். ஆறு மாதம் ஊறிய மை வாசனை. அதற்கு மேலே, சுடச்சுட, நேற்றைய பெருங்காயம்.

பதினோராம் பாகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி" என்றாள்.

நீல யானைக்குத் தந்தம் கிடைத்தது, இளவரசிக்குத் தரை கிடைத்தது, வடிவாம்பாளுக்கு வரிசை நிறைந்தது. உங்களுக்குக் கதை கிடைத்தது. என்னிடம் வாங்கிப் போன புத்தகங்களை யாராவது திருப்பிக் கொடுத்தால் எனக்கும் ஏதாவது கிடைத்த மாதிரி இருக்கும்.