தாண்டவராயர் கேட்ட பழைய கயிறு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் விதைத்தால் மாலையில் சோறு கேட்கிற அவசரக்காரன். அயல்நாட்டிலிருந்து ஒரு புது நெல்லை வரவழைத்தான். அரண்மனைத் தோட்டத்தில் அது நம் நெல்லைப்போல் இரண்டு மடங்கு விளைந்தது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை! ஊரெல்லாம் விதையைச் சும்மாவே கொடுத்தான். ஒருவரும் விதைக்கவில்லை.

"கொழுப்பு, மகாராஜா!" என்று குதித்தார் தாண்டவராயர். சபையிலேயே பெரிய களஞ்சியம் அவருடையது. அமைச்சர் பொன்னம்பலத்தார் மேல் அவருக்கிருந்த பொறாமை அதைவிடப் பெரியது. "விதைக்காதவன் நிலத்தைப் பிடுங்கி என்னிடம் கொடுங்கள். நான் விதைத்துக் காட்டுகிறேன்!"

சேதி கேட்டு, துண்டு நிலம் வைத்திருந்த மூக்காயி சபைக்கு ஓடி வந்தாள். "சாமி, அரண்மனைத் தோட்டத்துல எப்பவும் தண்ணி நிக்குது. எங்க வயலு மேடு. புது நெல்லு பொய்ச்சுப்போனா அடுத்த அறுப்பு வரைக்கும் புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுவேன்? எனக்கு இருக்கறது அந்த ஒரு துண்டுதான்."

"கோழைகள்!" என்றார் தாண்டவராயர். ராஜா ஆணையிட வாயைத் திறந்துவிட்டான்.

"கொஞ்சம் பொறுங்கள், மகாராஜா," பொன்னம்பலத்தார் எழுந்தார். "அதே அயல்நாட்டிலிருந்து ஒரு புதுக் கயிறும் வந்திருக்கிறது. சுண்டுவிரல் கனம்தான், ஆனால் யானையையே தாங்குமாம். தைரியசாலி தாண்டவராயரை அதில் கட்டி அரண்மனைக் கிணற்றில் இறக்கிப் பார்ப்போமா?"

ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. "இப்போதே!" சபையே கிணற்றடிக்கு ஓடியது. தாண்டவராயர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"மகாராஜா... இடுப்பில் நம் பழைய கயிற்றையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்."

"யானையைத் தாங்கும் என்கிறேனே, ஐயா!" என்றார் அமைச்சர்.

"யானைக்கென்ன! அறுந்தால் போவது என் உயிரல்லவா?"

"இதைத்தானே மூக்காயியும் கேட்டாள்! அறுந்தால் போவது அவள் பிள்ளைகளின் சோறு. அவளுக்கு மட்டும் பழைய கயிறு வேண்டாமா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "குடிகளுக்கும் கட்டுங்கள் பழைய கயிற்றை! புது நெல் பொய்த்தால் அவர்களுக்கு வருஷம் முழுக்க அரண்மனை நெல் அளக்கும்... இல்லை, இல்லை! தாண்டவராயரின் களஞ்சியம் அளக்கும்!" தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான்.

மூக்காயி அன்றே விதை வாங்கிப் போனாள். அவளைப் பார்த்து ஊரே வாங்கியது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்! விடிந்தால் தாண்டவராயர் குடிகளின் வயலில்தான். மேட்டுக்கு ஏற்றம் இறைக்கிறார், களை பிடுங்குகிறார், கவணும் கையுமாகக் கிளி விரட்டுகிறார். கதிர் முற்றித் தலை சாய்ந்தபோது, ஊரில் முதலில் ஆனந்தக் கண்ணீர் விட்டவர் அவர்தான்.

மூக்காயி கும்பிட்டுச் சொன்னாள்: "அடுத்த போகத்துக்கும் நீங்களே வந்துருங்க, சாமி!"