ஆடாதோடைப் பொட்டலம்

தகவலைப் பெயர்க் குறிகளுக்குள் பொதிந்து வைக்கும் எக்ஸ்எம்எல் என்ற கணினி மொழியை எழுதப் பழகும் பிள்ளைகளே, கேளுங்கள். ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக ஒரு குகை இருந்தது. மழைக்காலத்துக்கு வேண்டியதையெல்லாம் அதில் கொண்டுவந்து குவித்துவிடும். எது தின்கிற காய், எது விஷக்காய் என்று யாருக்கும் பிடிபடாது. எதற்கும் குழம்பிப் போகும் முயல் ஒருமுறை எட்டிக்காயைக் கடித்துவிட்டுச் சாகக் கிடந்தது.

அணில்தான் ஒரு வழி சொன்னது. "ஒவ்வொண்ணையும் தேக்கிலையில தனித்தனியாக் கட்டுவோம். கட்டு தொடங்குற இடத்துல ஒரு குறி, முடியுற இடத்துலயும் அதே குறி. பார்த்ததுமே உள்ளே என்னன்னு தெரிஞ்சிடும்."

அப்படியே செய்தன. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த மான்கூட யாரையும் கேட்காமல் தனக்கு வேண்டியதை எடுத்துப்போனது. இந்தக் காட்டின் பேச்சே அதற்குத் தெரியாது. முயலுக்கும் நிம்மதி.

குகையைப் பார்த்துக்கொள்ள மந்தியை வைத்தன. அதற்குக் கட்டும் வேலை தலைக்கேறிவிட்டது. ஒரு நெல்லிக்காயை 'நெல்லி' என்று கட்டும். அதன்மேல் 'காய்' என்று கட்டும். அதன்மேல் 'தின்பது', அதற்கும் மேல் 'குகையில் இருப்பது'. குகைக்குள் இருப்பதெல்லாம் குகையில் இருப்பதுதானே என்று முயல் யோசித்தது, குழம்பியது.

ஒருநாள் முயல் தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

"மந்தியண்ணே, குட்டிக்கு இருமல் நிக்கவே இல்லை. மூச்சு முட்டுது. ஆடாதோடை இலை ஒண்ணு குடுங்க."

மந்தி பூசணிக்காய் பருமனில் ஒரு பொட்டலத்தை உருட்டிவிட்டது.

முயல் அவசரமாகப் பிரித்தது. 'மருந்து' என்ற கட்டுக்குள் 'இருமல் மருந்து'. அதற்குள் 'இலை மருந்து'. அதற்குள் இன்னொன்று. பிரித்த இலைகளை வீசி வீசி முயலுக்குத் தலை சுற்றியது. இது மருந்தா, மருந்தின் பெயரா, பெயருக்கும் ஒரு பெயரா? ஒன்றும் விளங்கவில்லை. குட்டி மூச்சுக்குத் திணறியது.

"அண்ணே, மருந்து எங்கே?"

"பார்த்துப் பிரி. தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் மாறிட்டா பொட்டலமே செல்லாது."

கடைசியில் 'ஆடாதோடை' என்ற சின்னக் கட்டு வந்தது. அவிழ்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

முயலுக்கு அழுகை முட்டியது. "இதுல எதுவுமே இல்லையே அண்ணே."

மந்தி தலையைச் சொறிந்தது. "இருந்துச்சே. கட்டக் கட்டத் தேக்கிலை தீர்ந்துபோச்சு. அதான் உள்ளே இருந்த இலையை எடுத்து ஒரு சுத்து கட்டிட்டேன். குறியெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

முயல் வீசியெறிந்த இலைகளின்மேல் பாய்ந்தது. ஒவ்வொன்றாகக் கடித்தது. தேக்கு. மறுபடியும் தேக்கு. ஒன்று மட்டும் நாக்கில் கசந்தது. அதை மென்று சாற்றைக் குட்டியின் வாயில் விட்டது. குட்டி இருமி இருமி, மெல்ல மூச்சு விட்டது.

"அந்த இலையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போ," என்றது மந்தி. "பொட்டலத்துல ஒரு கட்டு குறையுது."

நீதி: எக்ஸ்எம்எல் ஆனாலும் தேக்கிலை ஆனாலும், உறை இருப்பது உள்ளே உள்ளதைக் காட்டத்தான், அதைத் தின்று உறையே கொழுக்க அல்ல.